கரையில் நழுவிய பல் செட்டு

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுக் கப்பலேறிய சில வருஷங்களில் மதராஸிலிருந்து புது அக்ரிலிக் தூள் வரத் தொடங்கியது. அதுவரை முத்தியால்பேட்டையில் நான் செய்து கொடுத்த பல் செட்டெல்லாம் கடின ரப்பர்; வாயில் கல்லாகக் கனக்கும். புதுத் தூளில் செய்தவற்றை எதிர்வீட்டு ஆசாரியின் பொன் தராசில் நிறுத்து, எடை குறைந்திருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போவேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

மேல் பற்கள் மொத்தமும் போன ஒரு அம்மாள் வந்தார். குப்பத்துக் கரையில் மீன் ஏலம் கூறுபவர்.

"வெள்ளிக்கிழம ஏலம் கூறியாவணும் அண்ணே. பேச்செல்லாம் காத்தாப் போவுது, வேற ஆள வச்சிக்கிறோம்னு படகுக்காரங்க சொல்லிட்டாங்க. ரெண்டு பொண்ண வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"பயப்படாதம்மா. வாயில இருக்கிறதே தெரியாது."

அச்செடுத்து, வேகவைத்து, அரத்தால் ராவினேன். கன்னத்து மடிப்பு வரை ஏறிப் பிடிக்கவேண்டிய விளிம்பையும் எடை குறையட்டும் என்று ராவித் தள்ளினேன். மாட்டிவிட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னேன். என்னிடம் வருகிறவர்கள் பிரெஞ்சு சர்க்காரின் பென்ஷன்காரர்கள். நன்றிக்கு 'மெர்சி' என்பதையே உதடு பிரியாமல் சொல்பவர்கள். அவர்களுக்கு அந்தச் சோதனை போதும். இவரும் மெதுவாக எண்ணினார். செட்டு அசையவில்லை. கத்திப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரைக்குப் போனேன். என் வேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசைதான். வஞ்சிரக் குவியலுக்கு முதல் விலை கூறினார், சரி. இரண்டாவது விலைக்கு வாயை அகலத் திறந்ததும் செட்டு நாக்கின் மேல் விழுந்தது. கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டு மறுபடி கூவினார். மூன்றாவது கூவலில் அது மணலில் போய் விழுந்தது.

சிரிப்பு அடங்குமுன் படகுக்காரர் ஒருவர் இன்னொரு பெண்ணைக் கைகாட்டி அழைத்தார். அம்மாள் செட்டை அலையில் அலசி முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம், கனத்தால் கனக்கட்டும் என்று விளிம்பை முழுசாக விட்டு வேறு செட்டு செய்தேன். பட்டறையிலேயே கத்தச் சொன்னேன். தெருவே கூடிவிட்டது, செட்டு இம்மியும் அசையவில்லை. ஆனால் கரையில் அவருடைய இடம் போயே போய்விட்டது.

பிறகு கூடை தூக்கி எங்கள் தெருவில் மீன் விற்க வந்தார். தினமும் என் வாசலுக்கு நேரே நின்று, "வஞ்சிரம்... வவ்வாலு..." என்று முழுத் தொண்டையில் கூவுவார். ஓர் எழுத்துகூடக் குழறாது. என் மனைவி போய் வாங்குவாள். அவர் அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன்.