முப்பது அடிக்குள் ஒரு போன்

பட்டுக்கடையில் புடவை விரித்துப் போடுவது என் வேலை. அதில் பாதியைக் கை செய்யும், மீதியை வாய் செய்யும். கல்யாணப் பெண்ணுக்கு ஒரு நிறமும் மாமியாருக்கு வேறு நிறமும் பிடித்துப்போய் இரண்டு வீட்டாரும் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, நடுவில் ஒரு ஜோக்கை விட்டுச் சிரிக்கவைத்துவிடுவேன். எந்தக் கெட்ட சேதியையும் இப்படியே சொல்லிவிடலாம் என்று எனக்கு ஒரு திமிர்.

இரண்டாயிரங்களின் கடைசியில் நானும் என் மனைவியும் குழந்தைக்காகக் காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தோம். பஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாதென்று ஒரு பழைய காரை வாங்கினேன். கார் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக ஒரு ஸ்மார்ட்போன். அதைக் காரோடு சேர்க்க செவிலிமேட்டு ஸ்டீரியோ கடையில் புளூடூத் செட். இரண்டையும் சேர்த்துவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. செட் தேடினால் போன் தூங்கும். போனை எழுப்பினால் பக்கத்து டீக்கடைக்காரரின் போன் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"ஒரு வாட்டி சேந்துடுச்சுன்னா அவ்ளோதாண்ணா. பாக்கெட்ல போட்டுக்கினு இரு, முப்பது அடிக்குள்ள இருந்தா அதுவே புடிச்சிக்கும்" என்றார் கடைக்காரர்.

"முப்பது அடி தாண்டினா?"

"நீ ஏன்ணா தாண்டுற? வண்டியிலதானே உக்காந்துக்கினு இருப்ப?"

வீட்டுக்கு வந்து, இரண்டும் சேர்ந்த கதையைச் சொல்லிப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். "என் ஜாதகத்தைக்கூட இவ்ளோ நேரம் நீங்க பாக்கலை" என்றாள் மனைவி.

மூன்றாவது முறையாகக் கருவை உள்ளே வைத்து அனுப்பியிருந்தார்கள். முதல் இரண்டு முறையும் டாக்டர் அவள் முகத்துக்கு நேராகவே இல்லையென்று சொல்லிவிட்டார். இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தவள் பல நாள் யாரோடும் பேசவில்லை. என் ஜோக்குகள் எல்லாம் அறைக்கு வெளியிலேயே நின்றன. அதனால் இந்தத் தடவை, கரு தங்கியதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது நர்ஸைத் தனியாகப் பிடித்தேன். "ரிசல்ட்டை என் நம்பருக்கு மட்டும் சொல்லுங்க சிஸ்டர். அவகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

போன் வந்தால் காரை ஓரங்கட்டி, இறங்கிப்போய்ப் பேசுவது என்று திட்டம். காரின் பொத்தானை அமுக்கினால் கார் பேசும், போனின் பொத்தானை அமுக்கினால் போன் பேசும் என்பது என் விஞ்ஞானம். கெட்ட சேதியாக இருந்தால் சொல்லவேண்டிய ஜோக்கையும் வாலாஜாபாத் தாண்டும்போதே மனசுக்குள் தயார் செய்துவிட்டேன்.

சின்னக் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால் எதிரே சாமி புறப்பாடு. முன்னால் பாசுரம் பாடிக்கொண்டு பிரபந்த கோஷ்டி வந்துகொண்டிருந்தது. சாமி எதிரில் வரும்போது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அவளைக் கூட்டத்தில் இறங்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீங்க போய் சேவிச்சிட்டு வாங்க. எனக்கும் சேத்து" என்றாள்.

வெயிலாக இருந்ததால் அவளுக்காக ஏசியை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, செருப்பைக் காரிலேயே கழற்றிப்போட்டு இறங்கினேன். கொஞ்சம் தள்ளி சாமி நின்றது. தலையில் சடாரி வாங்கிக்கொண்டு, அவளுக்கும் சேர்த்துத் துளசி வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். சாமி முன்னால் நிற்கும்போதா வரவேண்டும்! இதைவிட நல்ல சகுனம் வேறென்ன என்று பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

"ஹலோ!"

சத்தமே இல்லை.

"ஹலோ, சிஸ்டர்! ஹலோ!"

பக்கத்தில் நின்றவர் திரும்பினார். "யோவ், சாமி எதிர்லயே நிக்குறாரு. அவருக்கு இன்னாத்துக்குய்யா போனு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்கதோஷம். கூட்டத்தில் நகரவும் வழியில்லை. காரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் முன்பக்கம் குனிந்து செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, நானும் கண்ணை மூடி ஒரு வேண்டுதலைச் சேர்த்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது லைன் கட்டாகியிருந்தது.

காருக்குள் ஏறித் துளசியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நர்ஸ் பேசுனாங்க."

"எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

செட்டைக் காட்டினாள். "இதுல. சாரி சார், நெகட்டிவ்வுன்னு வந்திருக்குது, மேடத்துகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்கன்னாங்க."

நீட்டிய துளசியை மறுபடி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"சரிங்க, சொல்லிடுறேன்னேன்."

தயார் செய்த ஜோக் என்னவென்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை. செட்டை அணைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது. கைக்கு அகப்பட்ட பொத்தானை எல்லாம் அமுக்கினேன். போனில் போட்டுவைத்திருந்த நாதஸ்வரக் கெட்டிமேளம் காரே அதிரும்படி எழுந்தது. நிறுத்தத் தெரியாமல் சாவியைத் திருப்பி வண்டியையே அணைத்தேன். ஏசியும் நின்றது.

சாமி எங்களைக் கடந்து போயிற்று. பின்னால் வேத பாராயண கோஷ்டி வந்துகொண்டிருந்தது. அது முடியாமல் வண்டியை எடுக்க முடியாது. மூடிய கண்ணாடிக்குள் வியர்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். துளசி என் கையிலேயே கசங்கியது.

"உங்ககிட்ட இப்பவே சொல்லலாமா, வீட்டுக்குப் போய் சொல்லலாமான்னு யோசிச்சேன்" என்றாள் அவள். "சாமிகிட்ட சிரிச்சிக்கினு நின்னீங்க."