குலம் அண்ணையின் பெரிய திரையும் தாய்மாமன் பெயரும்

"எழுத்து மங்கலாய் இருக்கு" என்று யாராவது போன் எடுத்தால் நான் முதலில் கேட்பது, "மொனிற்றரோ, ரீவியோ?" என்பதைத்தான். கணினி திருத்தும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கணினித் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது. இரண்டிலும் படம் தெரியுதுதானே, பிறகென்ன என்பார்கள்.

நெல்லியடியில் பானர் அடிக்கும் கடை வைத்திருக்கும் குலம் அண்ணையும் அப்படித்தான். மேசையில் நல்ல மொனிற்றர் ஒன்று இருந்தது. டிசைன் பார்க்க வரும் சனம் அவருடைய தோளில் ஏறாத குறையாக எட்டிப் பார்க்கிறது என்று, பெரிய ரீவி ஒன்றை வாங்கி எதிர்ச் சுவரில் மாட்டி, எச்டிஎம்ஐ கேபிளையும் தானே கொழுவிவிட்டார். மொனிற்றரில் உள்ளதே ரீவியிலும் தெரியும். சனம் கதிரையில் இருந்து பார்க்கலாம். மாட்டிய மறுநாளே எனக்குப் போன்.

"பிள்ளை, புது ரீவி. எழுத்தெல்லாம் பூஞ்சணம் பிடிச்ச மாதிரிக் கிடக்கு. ஒருக்கால் வந்து பார்."

போனேன். ரெசலூஷன் சரியாகத்தான் இருந்தது. அந்த ரீவிக்கு 1920க்கு 1080 புள்ளிகள், கணினியும் அதையேதான் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் எழுத்து கூராய் இருக்கவேண்டும். கேபிளை மாற்றினேன், ஷார்ப்னெஸைக் குறைத்தேன், மங்கல் போகவில்லை. எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பரமேஸ் அக்கா உள்ளே வந்தார்.

அவருடைய இளைய மகளுக்கு அந்த வாரம் கலியாணம். மண்டப வாசலில் கட்டும் பானரை அடிக்க முன் சரிபார்க்க வந்திருந்தார். மூத்த மகளின் கலியாணக் கார்டில் அக்காவின் தமையன் தேவராசாவின் பெயர் விடுபட்டுப்போன கதை ஊருக்கே தெரியும். தாய்மாமன் பெயர் இல்லாத கார்டு! மனிதர் கலியாணத்துக்கு வரவில்லை. அதோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சும் இல்லை. இந்த முறை அக்கா ஆள்மேல் ஆள் அனுப்பித் தமையனைக் கொஞ்சம் இளக வைத்திருந்தார். "முதல்ல என்ரை பேர் எங்கை கிடக்கெண்டு கண்ணால பாக்கிறன், பிறகு யோசிப்பம்" என்று அவர் சொல்லிவிட்டாராம். அதனால் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியிலேயே அவர் பெயரைப் போடச் சொல்லியிருந்தார் அக்கா.

கதிரையில் இருந்து ரீவியைப் பார்த்தவரின் முகம் கறுத்துப்போனது.

"குலம், அண்ணையின்ரை பேர் எங்கை?"

"மேலை, முதல் வரியில அக்கா."

"மேலை 'நல்வரவு' எண்டுதான் கிடக்கு."

குலம் அண்ணை தன் மொனிற்றரை அவர் பக்கம் திருப்பினார். "இஞ்சை பாருங்கோ, இருக்கு."

அக்கா அதைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார். "சின்னதில இருந்தென்ன? பெரிசில இல்லையே. பெரிசுதானே அடிச்சு வரும்?"

அதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தன் பெயரைக் கண்ணால் பார்க்கவென்று கொக்குவிலில் இருந்து வந்த தேவராசா ஐயா, தலையில் ஹெல்மெற்றோடு நின்றபடியே ரீவியை மேலிருந்து கீழாக வாசித்தார்.

"விளங்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பரமேஸ் அக்கா எழும்பி நின்றார். அந்த மோட்டார் சைக்கிள் போய்விட்டால் இந்தப் பிள்ளையின் கலியாணத்திலும் தாய்மாமன் இல்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பெயர் மட்டுமல்ல, அதற்கு மேலே இருக்கவேண்டிய பிள்ளையார் சுழியும் இல்லை. ஒரு விசிற்றிங் கார்டைக்கூடச் சுழி போடாமல் தொடங்காத மனிதர் குலம் அண்ணை. கீழே பார்த்தேன். கடையின் பெயரும் பாதிதான் தெரிந்தது. அட, ஓவர்ஸ்கேன்!

பழைய பெட்டி ரீவிகளில் படத்தின் ஓரம் சீராக வராது. அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து, ஓரத்தைச் சட்டத்துக்குள் தள்ளிவிடுவார்கள். பெட்டி போய்த் தட்டை ரீவி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. படம் பெருத்தால் நான்கு ஓரமும் வெட்டுப்படும், எழுத்தும் மங்கும். நான் அதுவரை மங்கலோடு மல்லுக்கட்டினேனே தவிர ஓரத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, ஒரு நிமிசம் நில்லுங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டே ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவை மாற்றும் இடத்தில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்பதை அழுத்தினேன். படம் சற்றுச் சுருங்கியது. மேலே சுழி வந்தது, அதன் கீழே 'மணமகளின் தாய்மாமன் திரு. தேவராசா குடும்பத்தினர்' வந்தது. எழுத்தும் பளிச்சென்று ஆனது.

ஐயா நம்பவில்லை. "இப்ப எழுதிப்போட்டுக் காட்டுறியள்."

பழையபடி மாற்றினேன், பெயர் போனது. திரும்ப அழுத்தினேன், வந்தது. "உங்களை மட்டுமில்லை ஐயா, பிள்ளையாரையும் சேத்துத்தான் வெட்டியிருக்கு."

"இன்னொருக்கால் செய், பாப்பம்."

செய்தேன். ஹெல்மெற்றைக் கழற்றினார். வந்து தங்கைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். திரையைப் பார்த்தபடியே தங்கையிடம் கேட்டார்.

"அப்ப, மூத்தவளின்ரை கார்டையும் உந்த ரீவியிலதான் பாத்தனியோ?"

ரீவியின் சட்டத்தில் ஒட்டி வந்த பொலித்தீன்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. பரமேஸ் அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை, உதிலதான்" என்றார்.

"அதுதானே பாத்தன்" என்றார் ஐயா.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ரீவியைக் கணினித் திரையாக மாட்டினால், கேபிளில் கை வைக்க முன் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள். செற்றிங்கின் பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும், ஆனால் அது எங்கோ இருக்கும். மற்றது, ஒரு சாமானின் மேல் யாராவது பிழையாகப் பழி போட்டால் நின்ற இடத்திலேயே திருத்துகிற வாய் என்னுடையது. அன்று ரிமோட்டைக் குலம் அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் நின்றேன்.