புறாவுக்குக் கட்டிய சிடிக்கள்

கலகலவென்ற சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறேன். குரோம்பேட்டையில் டீச்சர் வீட்டு மாடியில், புறா விரட்டக் கயிற்றில் தொங்கும் சிடிக்கள். “டீச்சர், அது எங்க சிடியா?” என்று கீழிருந்தே கத்துகிறேன். சிட்லபாக்கத்தில் எங்கள் குழு வீடுவீடாகக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்த பழைய ஏரிப் படங்களெல்லாம், கணினி பழுதானதோடு போய்விட்டன. ஓர் ஊர்க் குழுவின் பிரதியை அடுத்த ஊர்க் குழு காப்பது வழக்கம். எங்கள் பிரதி, ஒரே ஒரு சிடி, இந்த வீட்டில்தான்.

“ஐயோ சார், அது பையனோட பாட்டு சிடி! உங்க ஏரி பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல இருக்கு.”

கணினியில் போடுகிறார். சுற்றிச் சுற்றி, கடைசியில் திறக்கிறது ஏரி. கரையெல்லாம் தாவணிச் சிரிப்பு. அப்பாடா.

விடைபெறும்போது டீச்சர் கேட்கிறார்: “எங்க ஊரு சிடி யார்கிட்ட சார்?”

“பல்லாவரத்துல, நம்ம பாய்கிட்ட பத்திரமா இருக்கு.”

“கண்ணால பாத்தீங்களா? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டே வீட்டுக்குப் போங்க சார்!”