எல்லாரும் வந்தால்தான் பயணம்

எங்கள் அஸ்தம்பட்டி குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆளை விடுங்கள் என்று ஆண்டுதோறும் கும்பிடுகிறேன். கைதட்டி மறுபடியும் என் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். மாதம் ஒரு சொற்பொழிவு. சர்க்கரை நோய், மாடித்தோட்டம், உயில் எழுதுவது எப்படி, மறுபடியும் சர்க்கரை நோய். பேச்சாளரைக் கெஞ்சிக் கூட்டிவருவது, சால்வை வாங்குவது, மைக்செட்காரரைத் தேடி அலைவது எல்லாம் நான்தான். வருகிறவர்கள் போண்டா எப்போது என்று கேட்பார்கள்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு சுற்றுலா இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கும். எல்லாரும் வந்தால்தான் போவது என்பது எங்கள் சங்கத்து வழக்கம். புரட்டாசியில் இந்துக்கள் கவிச்சி தொடமாட்டார்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் தொடமாட்டார்கள். கவிச்சி இல்லாத சுற்றுலாவுக்கு இரண்டு தரப்புமே வராது. கார்த்திகையில் பாதிப் பேர் மலைக்கு மாலை போட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் நாட்களில் யார் வீட்டிலாவது விசேஷம் முளைத்துவிடும்.

எதிர்வீட்டு டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். மேட்டூர் அணை கட்டியபோது பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள் போன ஊர்களில் அவருடைய அம்மாவின் ஊரும் ஒன்று. அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதாகோயில் அங்கேதான் முழுகிக் கிடக்கிறது. கோடையில் அணை வற்றினால் கோபுரம் வெளியே தெரியும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"நீங்களே ஒரு நாள் போயிட்டு வந்துடலாமே டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டு பஸ் மாறி மாறி எங்க சார் போறது? நம்ம சங்கத்து வண்டின்னா வாசல்லயே ஏறிக்குவேன்."

இந்த வருடம் சண்டை போட்டு வைகாசியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எங்கள் தலைவரும் தலையாட்டினார். அடுத்த வாரமே போன் வந்தது.

"ஏனுங்க, அன்னிக்கு எங்க ஊட்டுல பேத்திக்குக் காதுகுத்துங்க. நானில்லாம எப்படிங்க போவீங்க?"

ஆனிக்குத் தள்ளினோம். ஆனியில் பொருளாளருக்குக் கண் ஆபரேஷன். கூட்டத்தில் கத்தியே விட்டேன்: "தண்ணி ஏறிடுச்சுன்னா டீச்சரால கோபுரத்தைப் பார்க்கவே முடியாது. வர்றவங்க மட்டும் கிளம்பலாம்!"

"கோபுரம் எங்கீங்க ஓடிப்போயிரப் போவுது?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடியில் போனோம். ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். கர்நாடகத்தில் நல்ல மழை பெய்திருந்ததால் பண்ணவாடித் துறையில் கரை முட்டத் தண்ணீர் நின்றது. பரிசலைக்கூட நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆட்கள் மீன் வறுக்கும் கடையை மொய்த்துக்கொண்டார்கள்.

நான் டீச்சரைக் கைப்பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். சும்மா உட்கார்ந்திருந்த பரிசல்காரர் கையை நீட்டிக் காட்டினார். "அந்த நேருக்குத்தாங்கம்மா கோயிலு. இப்ப ஒண்ணுந் தெரியாதுங்க."

அவர் காட்டிய திசையில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அடுத்த வருசம் கண்டிப்பா பார்த்துடலாம் டீச்சர்."

"வேண்டாம் சார்." அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோபுரமெல்லாம் நான் மத்தவங்க சொல்லிக் கேட்டதுதான். அம்மா அதைப் பத்திப் பேசினதே இல்ல. சின்னப் புள்ளையில, அவங்கப்பா தோள்மேல உக்காந்துக்கிட்டு, தண்ணி ஏறி ஊரை மூடினதைப் பார்த்தாங்களாம். சாகுற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்க ஊருல கடைசியாப் பார்த்தது இந்தத் தண்ணியைத்தான் சார்."

பின்னால் தலைவர், மீன் ஆறிப்போகுது வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் போகவில்லை.