அப்பாவின் தலையசைப்பு சம்மதமன்று

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு எங்கள் இல்லம் வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி, அவருடைய மகள் இதை எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டை அடுத்த ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாக அப்பா பிறந்தார். தாத்தா இளமையிலேயே காலமாகிவிட, பள்ளிப் படிப்பை விட்டு, நிலத்தைத் துளையிடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஏறினார். வடமாநிலங்களில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுச் சம்பாதித்துச் சித்தப்பாவைப் படிக்க வைத்தார். பங்காளிகளுக்குப் பொதுவான தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். கம்ப்ரசரின் இரைச்சலிலேயே கழிந்த அந்த ஆண்டுகள் அவருடைய செவிகளைப் பறித்துக்கொண்டன.

காது கேட்கும் கருவி பொருத்த அப்பாவைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றவர் சித்தப்பாதான். நானும் உடனிருந்தேன். பொருத்திய பெண்மணி எங்கள் இருவரிடமும் தெளிவாகவே சொன்னார்: "கண்ணாடி போட்டதும் கண்ணு தெரியற மாதிரி இல்லைங்க இது. கூட்டத்துல எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். முக்கியமான பேச்சுன்னா அமைதியான இடத்துல, முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

"செரிங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் சித்தப்பா.

கருவியோடு வாழ அப்பா பொறுமையாகப் பழகினார். குளிக்குமுன் கழற்றி டப்பியில் வைப்பார். வண்டி ஓட்டும்போது காற்று இரைவதால் அணைத்துவிடுவார். பொருத்திக்கொண்டு வந்த அன்று, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம், "ஏம்புள்ள, கத்தி இத்தன சத்தமா போடும்?" என்று வியந்தார்.

"கத்தி என்னைக்கும் போடுதுங்க. நானுந்தான் இத்தன வருசமா போட்டேன். உங்களுக்குத்தான் ரெண்டும் கேக்கல."

ஆயினும் கூட்டத்தில் அவருக்குச் சொற்கள் பிரிந்து கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னால் பேசுபவர் சலித்துக்கொள்வாரோ என்று கூசி, புன்னகையோடு தலையசைத்துவிடுவார். இதை அறியாதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சித்தப்பா மகளின் திருமணத்தில், மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா பங்காளிகள் சிலருடன் அப்பாவிடம் வந்தார். கிணற்றில் எங்களுக்குரிய தண்ணீர் இறைக்கும் முறையை, பக்கத்தில் வீட்டுமனை போடுபவர்களுக்கு விட்டுவிடலாமா என்று கேட்டாராம். அப்பா தலையசைத்தார். பங்காளிகள் முன்னிலையில் மூத்தவர் தலையசைத்தால் பேச்சு முடிந்தது என்பது நம் பக்கத்து வழக்கம்.

அடுத்த வாரம் தண்ணீர் பாய்ச்சச் சென்ற அப்பா, மோட்டார் அறையில் வேறு பூட்டைக் கண்டார். விசாரித்து அறிந்து, என்னையும் அழைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குச் சென்றார்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல தம்பி. மேளச் சத்தந்தான் கேட்டுச்சு."

"என்னங்கண்ணா இப்படிச் சொல்றீங்க? காதுல மிசினு மாட்டியிருந்தீங்கல்லோ. எல்லாரும் பாத்தாங்க."

"மாட்டியிருந்தேன். கேக்கல."

"கேக்காமயா தலையாட்டுனீங்க?"

துணைக்கு வந்த கருவியே அப்பாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த ஆண்டு எங்கள் மரவள்ளி தண்ணீரின்றிக் காட்டிலேயே காய்ந்தது.

கூட்டத்தில் அந்தக் கருவியால் என்ன முடியாது என்பதை நேரில் கேட்டறிந்தவர்கள் நானும் சித்தப்பாவும். அறியாமல் நடந்திருந்தால் மன்னிப்பது எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் அப்பா யாரிடமும் தலையசைக்கவில்லை. "கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்பார். நுரையீரல் நோயால் படுத்திருந்த இறுதி நாட்களில் மருத்துவரிடமும் அப்படியே கேட்டார்.

பேசுமுன் அவர் காதில் கருவியைப் பொருத்திவிட்ட செவிலியருக்கும், எதிரில் அமர்ந்து நிதானமாகப் பேசிய பக்கத்துத் தோட்டத்து நண்பருக்கும், துயரில் துணைநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. இறுதிச் சடங்குகளை முன்நின்று நடத்தியவர் சித்தப்பா, அதற்கும் நன்றி.

இன்று அதே பங்காளிகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். சித்தப்பா, உங்கள் அண்ணனுக்குக் கேட்டிருக்காது என்று தெரிந்தேதான் அன்று கேட்டீர்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். தண்ணீரைப் பற்றிப் பிறகு பேசுவோம். அப்பா தராத சம்மதம் அவர் பெயரில் இன்னும் இருக்கிறது. முதலில் அதை நீக்கிவிடுங்கள்.