கரைப்பாதைக்காரி

மன்னாரில் எங்கள் காலத்தில் கொம்பியூட்டர் விளையாட்டுப் பைத்தியம் பிடித்துத் திரிந்த பையன்கள் இப்போது பெரிய மனிதர்கள். ஒன்றிரண்டு பேருக்குத் தலையில் முடிகூட இல்லை. ஆனாலும் 'கரைப்பாதை ஆட்டம்' என்று பேச்சு வந்தால், அதைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று ஆளுக்கு ஆள் சத்தியம் செய்வார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். அதைத் தொடங்கியவள் நான், பன்னிரண்டு வயதில். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என்னோடு சேர ஆளில்லாததால் உண்டான ஆட்டம் அது.

சண்டை முடிந்து சில வருடங்களில் நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பி வந்தோம். நான் பிறந்ததே அந்த முகாமில்தான். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விழிப்பு வந்துவிடும். தனிமை என்றால் என்னவென்று அங்கே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என்னை 'சிலோன்' என்று கூப்பிட்டார்கள். சொந்த நாட்டுக்குப் போனால் அந்தப் பட்டம் போய்விடும் என்று நம்பியிருந்தேன். போகத்தான் செய்தது. இங்கே வந்து வாய் திறந்து, 'ஓம்' என்பதற்குப் பதிலாக 'ஆமா' என்று சொன்ன அன்றே நான் 'இந்தியா' ஆகிவிட்டேன்.

அப்பாவின் காணி முருங்கனுக்கு அப்பால், பஸ்ஸால் இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஊரில் இருந்தது. காடு ஏறிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி, திரும்பி வந்தவர்களுக்குக் கொடுத்த தகரத்தையும், கூரைக்கு விரிக்கும் தறப்பாளையும் வைத்து அப்பா ஒரு கொட்டில் போட்டார். அங்கே பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. அதனால் அம்மாவும் நானும் மன்னார் பட்டினத்தில், உப்புக்குளத்தில் மாமா வீட்டின் பின்னறையில் இருந்தோம். அப்பா மட்டும் காணியில். திரும்பி வந்த குடும்பங்களில் பாதி இப்படித்தான், யாராவது ஒருவர் காணியில் தனியே கிடப்பார். வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிய அரசாங்கக் கந்தோரிலிருந்து எந்த நாளும் ஆட்கள் வரலாம். வரும்போது கொட்டிலில் ஒருவரும் இல்லையென்றால், குடியேறவில்லை என்று எழுதிப் பெயரை எடுத்துவிடுவார்கள். அம்மா ஞாயிறுதோறும் சோறு கட்டிக்கொண்டு போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவார். இந்த நியாயமெல்லாம் என் காதில் ஏறவில்லை. அப்பாவுக்கு என்னைவிட அந்தப் பற்றைக்காடு பெரிதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்மா தையல் கடையில் வேலை முடித்து வரும்வரை நான் மாமாவின் கடையில் இருக்க வேண்டும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. டெலிபோன் கதைக்கவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் என்று தொடங்கிய கடை அது. பிறகு ஆறு கொம்பியூட்டர்களை வாங்கி ஒன்றோடொன்று இணைத்து வைத்தார். படிக்கும் பிள்ளைகளுக்காக என்று வாசலில் எழுதியிருந்தது. படித்த பிள்ளை ஒன்றையும் நான் அங்கே கண்டதில்லை. ஐந்து கொம்பியூட்டர்கள் ஒரே வரிசையில் இருந்தன. ஆறாவதற்கு இடமில்லாமல், அதை எதிர்ச் சுவரோரம் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பையன்கள் விளையாடியது ஒரு கோட்டை விளையாட்டு. மூன்று பேருக்கு மூன்று பேர். இரண்டு கோட்டைகளுக்கும் இடையில் இரண்டு பாதைகள். ஒன்று காட்டுக்குள்ளால் நேரே போகும் நடுப்பாதை, மற்றது ஆற்றோரமாகச் சுற்றிப் போகும் கரைப்பாதை. இரண்டிலும் சின்னச் சின்னச் சிப்பாய்கள் தாமாகவே நடந்துகொண்டிருப்பார்கள். எதிரியின் கோட்டையை முதலில் உடைப்பவர்களுக்கு வெற்றி. எல்லோரும் நடுப்பாதையில்தான் மோதுவார்கள், கத்துவார்கள், கதிரையை விட்டுத் துள்ளி எழும்புவார்கள். கரைப்பாதைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் ரிஸ்வானின் கட்சியில் ஓராள் குறைந்தது. ரிஸ்வான் எங்கள் ஒழுங்கைக்குள் நாலு வீடு தள்ளி இருந்த பையன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கடையில் அவன் வைத்ததுதான் சட்டம். அவனுக்கு ஆமாம் போட ஜூட் என்று ஒரு கூட்டாளி. "இவளைப் போடுங்கோவன், சும்மாதானே குந்திக்கொண்டு இருக்கிறாள்," என்றார் மாமா. ரிஸ்வான் என்னை அந்த ஆறாவது கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினான்.

"இந்தியா, நீ கரைப்பாதையில போய் நில். ஒண்டும் செய்யாதை. சாகாமல் நிண்டாக் காணும்."

நின்றேன். எவ்வளவு நேரம்தான் நிற்பது? சிப்பாய்கள் என்னைத் தாண்டி நடந்து போனார்கள். பேச்சுத்துணை இல்லாவிட்டாலும் வழித்துணையாவது ஆகட்டும் என்று அவர்களோடு சேர்ந்து நடந்தேன். ஆள் கூடப் போனால் சிப்பாய்களுக்குப் பலம் கூடும் என்பது எனக்குத் தெரியாது. வழியிலிருந்த காவல் கோபுரம் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. மற்ற ஐந்து பேரும் நடுவில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது நான் எதிரியின் கோட்டை வாசலில் நின்றேன். கோட்டை விழுந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "மெஷின் பிழைச்சுப் போச்சு, ஏதோ கோளாறு," என்றான் ஜூட்.

அடுத்த ஆட்டத்திலும் மெஷின் பிழைத்தது. அதற்கடுத்த நாள் எதிரிகள் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். நான் சண்டை பிடிக்காமல் பின்னால் வந்துவிட்டேன். அவன் திரும்பிப் போனதும் மறுபடி நடந்தேன். அலைந்து அலைந்து அவன் களைத்துப் போனான். பிறகு இரண்டு பேரை அனுப்பினார்கள். இரண்டு தரம் செத்தேன். அதன்பிறகு திரையின் மூலையிலிருந்த சின்ன வரைபடத்தைப் பார்க்கப் பழகினேன். நடுப்பாதையில் எதிரிகள் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று எண்ணுவேன். தெரியாதவர்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள். உடனே திரும்பி ஓடுவேன். அவர்கள் வெறுங்கையோடு திரும்பி வருவதற்குள் ரிஸ்வானும் ஜூட்டும் நடுவில் தனித்து நிற்பவனை முடித்துவிடுவார்கள். நான் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்தால் போதும்.

ஒரு மாதத்துக்குள் எல்லாக் கட்சிகளும் கரைப்பாதையில் ஆள் வைக்கத் தொடங்கின. ஆனால் யார் நிற்பது என்று அவர்களுக்குள் அடிபிடி. நின்றவனும் கொஞ்ச நேரத்தில் அலுத்து நடுவுக்கு ஓடிவிடுவான். நான் ஓடவில்லை. என்னுடைய திறமை அவ்வளவுதான், எனக்குத் தனியே நிற்கத் தெரிந்திருந்தது. வென்றதும் ரிஸ்வானும் ஜூட்டும் தோளில் கைபோட்டுக் குதிப்பார்கள். நான் எதிர்ச் சுவரோரத்திலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். ஒருதரமாவது 'நீயும் நடுவுக்கு வா' என்று சொல்ல மாட்டார்களா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். நன்றாக விளையாடினால் கூப்பிடுவார்கள் என்று இன்னும் நன்றாக விளையாடினேன். நன்றாக விளையாடுகிறவளை யார் இடம் மாற்றுவார்கள்?

மாமா ஒரு சனிக்கிழமை போட்டி வைத்தார். கோப்பை, சான்றிதழ் எல்லாம் உண்டு என்று வாசலில் ஒட்டினார். கடை டெலிபோனிலிருந்து அப்பாவின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தேன்.

"அப்பா, நீங்க கட்டாயம் வரணும்."

"காணியை விட்டிட்டு எப்பிடி அம்மா வாறது? நான் இல்லாத நேரமாப் பாத்து கந்தோர் ஆக்கள் வந்தினமெண்டால்..."

"எப்பப் பாரு காணி, காணி! வரலைன்னா இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன்."

பதில் வருவதற்குள் டெலிபோனை வைத்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் முருங்கன் பையன்களோடு. அவர்களும் கரைப்பாதையில் ஒருவனை விட்டிருந்தார்கள். அலுப்பு என்பதே தெரியாத பையன். நாங்கள் இருவரும் ஆற்றோரத்தில் எதிரும் புதிருமாக நின்றோம். நான் இடத்தை விட்டால் அவன் நேரே எங்கள் கோட்டைக்குப் போய்விடுவான். அதனால் நான் அசையவில்லை. நடுப்பாதையில் எங்கள் கை ஓங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வாசலில் அப்பா நின்றார்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, கையில் கச்சான் கடலை சுற்றிய கடதாசிச் சரை. பத்து நாள் தாடியை அன்று காலையில்தான் வழித்திருக்க வேண்டும், கன்னத்தில் இரண்டு வெட்டுக் காயம். மாமா அவரை என் கதிரைக்குப் பின்னால் கூட்டிவந்து, திரையில் நான் எது என்று விரலால் காட்டினார். அப்பா குனிந்து பார்த்தார். மற்றவர்கள் இருக்கும் இடத்தையும் பார்த்தார். பிறகு எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மாமாவிடம் கேட்டார்.

"ஏன் பிள்ளை தனிய நிக்கிறாள்? மற்றப் பிள்ளையள் இவளைச் சேர்க்கிறேல்லையோ?"

"அதுதான் அத்தான் இவளின்ரை வேலை," என்றார் மாமா.

எனக்குக் கண் கலங்கித் திரை மங்கிப் போனது. ஐந்து மாதமாக யாரும் கேட்காத கேள்வி. கேட்க வேண்டிய ஆள் கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. என்னையும் சேர்ப்பார்கள் என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. கரைப்பாதையை விட்டுவிட்டு நடுவுக்கு ஓடினேன்.

"ஏன் வந்தனீ?" என்று ரிஸ்வான் கத்தினான். "போ! கரைக்குப் போ!"

கொஞ்ச நேரம் அவர்களோடு நின்றேன். மூன்று பேரும் ஒன்றாக நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு எங்கள் கோட்டை விழுந்தது. முருங்கன் பையன்கள் மாமாவின் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ரிஸ்வான் என் பக்கம் திரும்பாமலே எழும்பிப் போனான்.

அப்பா என்னை பஸ் நிலையம் வரை கூட்டிப் போனார். மன்னார்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகள் நிழலில் நின்றன, அவற்றுக்கு நடுவே இடம் பிடித்து ஐஸ்பழம் வாங்கித் தந்தார். நான் அழுதுகொண்டே தின்றேன். "என் இடத்த விட்டுட்டேம்ப்பா. அதான் தோத்துப் போச்சு."

அப்பா சிரித்தார். "ஒரு நாளைக்கு இடத்தை விட்டிட்டு வந்தால் குடியா முழுகிப் போகும்?" என்றார். கச்சான் சரையை என் கையில் வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் பாலம் தாண்டிப் போய்விட்டார்.

அன்று முற்பகல்தான் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து, கொட்டிலில் யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். இது எனக்குத் தெரிந்தது பல வருடங்களுக்குப் பிறகு, அப்பாவின் கடதாசிகளைக் கிளறியபோது. ஒரே பொலித்தீன் உறைக்குள் இரண்டு தாள்கள் இருந்தன. பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்ன கடிதம் ஒன்று, என்னுடைய இரண்டாம் பரிசுச் சான்றிதழ் மற்றது. பார்வையிட்ட நாள் என்று கடிதத்தில் இருந்த திகதிதான் சான்றிதழிலும் இருந்தது. வீடு கிடைக்க இன்னும் இரண்டு மாரிகாலம் போனது. இரண்டு மாரியையும் அப்பா தறப்பாளுக்குக் கீழே தனியாகக் கழித்தார். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இதொன்றும் தெரியாது. மறுநாள் ஞாயிறு பின்னேரம் அம்மா காணியிலிருந்து வந்தார். முகம் வீங்கியிருந்தது. கட்டிக்கொண்டு போன சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது. மாமாவோடு ஏதோ குசுகுசுத்தவர் என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். ஒரு கோப்பை போனதற்காக வீடே இப்படித் துக்கம் காக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அழாதீங்கம்மா. இனிமே என் இடத்த விட்டு அசையவே மாட்டேன்."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "அப்பாவும் இதைத்தான் சொன்னவர்," என்றார்.

அப்பாவுக்கும் எங்கள் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே, ஆறிப்போன அந்தச் சோற்றை நான் சாப்பிட்டு முடித்தேன்.