மகளின் முதல் சளி

அந்தச் சளி முதலில் எனக்குத்தான் வந்தது. சந்தைக்குப் போய்வந்த பிறகு மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது. மிளகு ரசத்தோடு சரியாகிவிட்டது. அதற்குள் கைக்குழந்தையான என் மகளுக்குத் தொற்றிக்கொண்டது. எனக்குப் போனதுபோல அவளுக்கும் போய்விடும் என்று நம்பினோம்.

தை மாதப் பனி. மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் காய்ந்த செடிகொடிகளைக் கொளுத்தியிருந்தார்கள். புகை மேலே போகாமல் பனியோடு சேர்ந்து எங்கள் கூரைமேலேயே கிடந்தது. வீட்டுக்குள் விறகடுப்பு வேறு.

காலையில் மனைவி குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னாங்க இது, நெஞ்சு இப்டி உள்ள வாங்குது?"

ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்க வாய் வைத்தவள் மூச்சு முட்டி விட்டுவிட்டாள். அழக்கூடத் தெம்பில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கீழே ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்தான். அது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். ஓட்டுநர் பீடி பிடித்தபடி நின்றிருந்தார்.

"அண்ணா, கொயந்தைக்கு மூச்சு இழுக்குது. பீடிய அணைச்சுடுங்க" என்றேன்.

எட்டிப் பார்த்தவர் பீடியைப் போட்டு மிதித்தார். "ஏறு தம்பி, ஆளு சேரலன்னாலும் போயிடலாம்."

வளைவுகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் மனைவி குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். குழந்தையின் மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "எனக்கும் இதே சளிதாங்க. தானா போய்ட்ச்சே?"

"உங்க உடம்பு இந்த மாதிரிக் கிருமிய முன்னாடியே பாத்திருக்கும். அடையாளம் கண்டு சீக்கிரம் விரட்டிடும். பாப்பாவுக்கு இதான் முதல் தடவை. அவ உடம்பு எதிர்த்துப் போராடறப்ப மூச்சுக்குழாய் உள்ள வீங்குது, சளி அடைக்குது. குழாயே ரொம்பச் சின்னது. அதுல புகையும் போனா தாங்குமா?"

"அடுப்புப் புகையுங்களா?" என்றாள் மனைவி.

"எந்தப் புகையும்தாம்மா."

மனைவி தன் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

சில நாட்களில் மகள் நன்றாகப் பால் குடித்தாள். வீடு திரும்பியதும் வெளியே ஒரு சின்னக் கொட்டகை போட்டு அடுப்பை அங்கே மாற்றினேன். பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொன்னேன். "வருசா வருசம் கொளுத்தறதுதானப்பா" என்று முனகியவர், குழந்தையைப் பார்த்துவிட்டு, "செத்தைய மக்க வுட்டுர்றேன் போ" என்றார்.

எதிர்மலையில் இப்போதும் எரிகிறது. அது யார் நிலமென்று தெரியாது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கதவைச் சாத்திவிட்டு மகள் அருகிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.